செஞ்சு காட்டணும்

— வந்தவங்க பேரு மொதல்ல. தென்காசி கம்ப்யூட்டர் வட்டம், சனிக்கிழமை சாயங்காலம், இடம் இத்ரீஸ் செல்போன் கடை. ஒண்ணு, செயலாளர் இத்ரீஸ். ரெண்டு, பொருளாளர் தில்லைநாயகம், ரிட்டயர்டு ஏட்டு, அதாவது நான். மூணு, இசக்கிச்செல்வி டீச்சர். வேற யாரும் உண்டுமாவே?

— இந்தச் சாரல்ல எவன் வருவான் அண்ணாச்சி? நாளைக்குக் குத்துக்கல்வலசை மண்டபத்துல அஞ்சு பேச்சு, ஆளுக்கு அஞ்சு நிமிசம். அதுல பாருங்க, நாலுதான் தேறியிருக்கு.

— வாசியும்.

— ரிஃபாத்து, பழைய லேப்டாப்புல லினக்ஸ் போட்டு ஓட வைக்கது. ஜோஷ்வா, எக்செல்லு. கைலாசம், தமிழ் டைப்பிங். அப்புறம் நீங்க, ஐந்தருவில விழுந்த போன எப்படிப் பொழைக்க வைக்க.

— அரிசிக்குள்ள பொதைச்சா பொழைச்சிரும்னு சொல்லுதான் பாரும், அவன மொதல்ல ஸ்டேசனுக்குக் கூட்டிட்டுப் போவணும். நாளைக்கு மேடையில வாளித் தண்ணிக்குள்ள ஒரு போன முக்கிக் காட்டப் போறேன்.

— யாரு போன?

— ஒம்ம போனத்தான்.

— நல்லாருக்கே! வெறும் வாய்ப்பேச்சு கூடாது, அவனவன் சொந்த மெசின்ல செஞ்சு காட்டணும்னுல்லா ரூலு!

— ரூலு போட்டது நீருதான? அப்ப மொதத் தியாகமும் நீருதான் செய்யணும். சரி, அஞ்சாவது எடம்?

— அந்த எடம் எனக்கு வேணும் பாய்.

— ஒங்களுக்கா டீச்சர்? எதப் பத்தி?

— நம்ம போனுக்குள்ள ஒக்காந்து நம்மள ஒருத்தன் வேவு பாத்தா, அதக் கண்டுபிடிக்கது எப்படி.

— அது... அதுல பாருங்க டீச்சர், நாளைக்குப் பொம்பளைங்க நெறைய வாராங்க. பயந்துருவாங்க. அடுத்த மாசம் வச்சுக்கிடலாம்.

— போன மாசமும் அடுத்த மாசம்னுதான் சொன்னீங்க.

— ஏன்வே, நல்ல சப்ஜெக்டுல்லா, குடும். ஆனா எம்மா, ரூலு உனக்கும் உண்டு. வேவு பாக்குற போனு ஒண்ணு வேணும்லா மேடையில?

— இந்தா இருக்கு அண்ணாச்சி. என் போனுதான்.

— என்னது? எவன் வச்சான்?

— எங்க வீட்டுக்காரரு.

— அவரு பட்டாளத்துல, காஷ்மீர்லல்லா இருக்காரு?

— அங்கன இருந்துதான். ஆய்க்குடி கோயிலுக்குப் போயிட்டு பஸ்ஸு வராம நின்னேன். யாருகிட்டயும் சொல்லிட்டுப் போகல. ‘ஆய்க்குடி ஸ்டாப்புல இம்புட்டு நேரமா யாரு கூட நிக்கே’ன்னு போன் வருது. மரத்துக்குப் பின்னால எவனும் ஒளிஞ்சிருக்கானான்னு போய்ப் பாத்தேன். ஆளு என் கைப்பைக்குள்ள இருந்திருக்கான்.

— ஒரு பாதுகாப்புக்குன்னு செஞ்சிருப்பாரும்மா...

— காவல் காக்க நான் என்ன எல்லைக் கோடா அண்ணாச்சி?

— அதுவும் சரிதான். வே, எழுதிட்டேன். அஞ்சாவது பேச்சு இசக்கிச்செல்வி. இனி மாத்தப்பிடாது. நான் வாரேன், பஸ்ஸு போயிரும்.

— பாத்துப் போங்க அண்ணாச்சி, படியெல்லாம் ஈரம்.

— அவரு போயிட்டாரு. இப்ப சொல்லுங்க பாய்.

— என்னத்தச் சொல்ல டீச்சர்?

— பேட்டரி மாத்த இந்தக் கடையிலதான் குடுத்தேன். நேரமாகும், பஜாருக்குப் போயிட்டு வாங்கன்னீங்க. அதுக்கு முந்தி அந்த வேவு ஆப்பு என் போன்ல இல்ல. அது ஏறுன தேதி பாத்துட்டுத்தான் பேசுதேன்.

— டீச்சர்...

— ஏட்டு முன்னால கேக்கக் கூடாதுன்னு இருந்தேன். வாயத் தொறங்க.

— ஒங்க வீட்டு சாருதான் கூப்புட்டாரு. பனியில கெடக்கேன், அவ எப்படி இருக்கான்னு தெரியலன்னு அழுதாரு. நானும் சவுதில கெடந்தவன். படுத்தா அந்த நெனப்பு ஆளத் தின்னுரும். புருசன்தான கேக்காருன்னு போட்டுட்டேன்.

— நோவு அவருக்குன்னா மருந்த அவருதான குடிக்கணும்? எனக்கு ஏன் ஊத்துனீங்க?

— குடுங்க டீச்சர், இப்பவே எடுத்துருதேன்.

— என்னோடத மட்டுமா? வேற யாரு போன்லயெல்லாம் போட்டீங்க?

— துபாய்காரங்க கேப்பாங்க. பட்டாளத்துக்காரங்க கேப்பாங்க. அதுல பாருங்க, ஸ்க்ரீன் கார்டு ஒட்டுத மாதிரி ஆயிப்போச்சு. யோசிக்கதே இல்ல.

— அவங்க பொண்டாட்டிமாருதான் நாளைக்கு வாராங்க. நான்தான் வீடு வீடாப் போய்க் கூப்புட்டேன்.

— யா அல்லா! எம் பேரச் சொல்லிருவீங்களா?

— மாட்டேன். நீங்களே சொல்லுவீங்க. நானா அழிக்கப் போனா அவருக்குச் சேதி போயிருது. சத்தமில்லாம எடுக்கது எப்படின்னு போட்டவருக்குத்தான் தெரியும். கண்டுபிடிக்கத நான் சொல்லுதேன், எடுக்கத நீங்க காட்டுங்க.

— அப்புறம் ஒரு பய இந்தக் கடைப்படி ஏற மாட்டான். புள்ளைங்க படிக்குதுக டீச்சர்.

— தெரியும். ஒங்க மகளுக்கு நான்தான் பாடம் எடுக்கேன். அவளுக்கும் நாளைக்கு ஒருத்தன் போனு வாங்கிக் குடுப்பான்லா?

— அடிச்சுட்டீங்க.

— அடிக்கணும்னு வரல. ஆளு வேணும்னுதான் வந்தேன்.

— சரி. பேசுதேன். நாக்கு ஒளறாம இருக்கணும். போனக் குடுங்க, ஒங்களோடதயாவது இன்னைக்கே...

— வேண்டாம். நாளைக்கு இதுலதான் செஞ்சு காட்டணும். அதுவரைக்கும் இங்கன மேசை மேலயே கெடக்கட்டும்.

— டீச்சர்! ராத்திரி பூரா நீங்க எங்கடைக்குள்ள இருக்கதாவுல்லா அவருக்குக் காட்டும்!

— காட்டட்டும். லைட்ட அணைங்க. வெளிய வாங்க.

— சாரு என்ன நெனப்பாரு?

— மொதல்ல கதவச் சாத்துங்க. பூட்டையும் போடுங்க.

— பூட்டியாச்சு. டீச்சர்... உள்ள ஒங்க போனு அடிக்குது.

— நான் எடுக்கலன்னா அடுத்து ஒங்களுக்குத்தான் அடிப்பாரு. உள்ளதப் பேசுங்க பாய். நாளைக்கு மேடைக்கு ஒத்திகை ஆச்சு.