சுட்ட காயும் ஒரு பை நண்டும்

— ச்சீ! என்னங்க இது, கொளத்துப் பாசிய வழிச்சுக் கிண்ணத்துல வச்ச மாதிரி?

— சாஸு, பிளாரன்சு. புதினா, மல்லித்தழை, பூண்டு, எலுமிச்ச. நானே மிக்சியில அரைச்சேன். தொட்டு நக்கிப் பாரு.

— இன்னொரு வாட அடிக்கே?

— கற்பூரவல்லி.

— சளிக்குப் பிழிஞ்சு ஊத்துத எலையையா தொட்டுக்கச் சொல்லுதீங்க? கொமட்டுது. ஓவனுக்குள்ள என்ன கருகுது?

— கருகல. கத்தரிக்கா, கேரட்டு, காலிபிளவரு. எண்ணெயும் மொளகுத்தூளும் பெரட்டி வச்சேன். ஓரம் செவந்தாத்தான் ருசி.

— கத்தரிக்கா செத்த எலி கணக்கா சுருண்டு கெடக்கு. கேக்கு வைக்க வாங்குன ஓவனு! இனிமே கேக்கெல்லாம் பூண்டு நாத்தம்தான்.

— கழுவித் தாரேன்ளா. ஒரு வாய் தின்னு.

— மாட்டேன். நகருங்க, குசினிய எனக்கு விடுங்க. நண்டு வாங்கியாந்திருக்கேன்.

— நண்டா?

— பைக்குள்ள உசுரோட கெடக்கு பாருங்க, என்னமாப் பெறாண்டுது.

— ஏளா, மேசையில வைக்காத! வெளிய கொண்டு போ அத!

— ஏன் இப்படிக் கத்துதீங்க? பாம்பா கொண்டாந்தேன்? இன்னைக்கு ரெக்ஸுக்குப் பொறந்தநாளு. எந்தம்பி இருந்திருந்தா, நண்டுக் கொழம்பு வை அக்கான்னு விடியவுமே வாசல்ல வந்து நின்னுருப்பான். அவன் பேரச் சொல்லி நாம தின்னே ஆகணும்.

— வேற என்ன வேணா வை. நண்டு வேண்டாம்.

— மீனும் வேண்டாங்கீங்க, எறாலும் வேண்டாங்கீங்க. கடலுக்குப் போயி மீன் பிடிச்சிட்டு வாரவரு, உங்க பங்க அடுத்த வீட்டுக்குக் குடுத்துட்டு இங்கன கேரட்டச் சுடுதீங்க. ரோச் வீட்டுல இப்ப புல்லுதான் கொழம்பான்னு தெருவே சிரிக்கு.

— கொழுப்பு கூடிருக்குன்னு டாக்டருதான...

— பொய். டாக்டர்ட்ட நானே போய்க் கேட்டேன். மீன நிறுத்தச் சொல்லவே இல்லன்னாரு. ரெக்ஸ அடக்கம் பண்ணதுலேர்ந்து நீங்க இப்படித்தான். என்னன்னு சொல்லுங்க.

— சொன்னா நீ தாங்கமாட்ட.

— தெனமும் இந்தப் பச்சக் கண்றாவியப் பாக்கதுக்கு அது தேவல. சொல்லுங்க.

— ரெக்ஸு போன வல்லம் கவுந்தப்ப ஊரே தேடுச்சு. கடைசியில பெரியதாழைப் பக்கம் நாந்தான கண்டெடுத்தேன்.

— ஆமா. மொகம் தூங்குத மாதிரி இருந்துச்சு, ஒடம்பு ஊதிட்டதால பெட்டிய மூடிட்டோம்னு சொன்னீங்க.

— மொகம் இல்லளா.

— என்ன சொல்லுதீங்க?

— சட்டைய வச்சுத்தான் அவன்னு தெரிஞ்சுச்சு. தூக்கிப் படகுல போட்டேன். சட்டைக்குள்ள என்னமோ அசைஞ்சுச்சு. மொகம் போயிருந்தத பாத்த பொறவும், உசுரு இருக்குன்னு ஒரு நிமிசம் நெனச்சிட்டேன், பிளாரன்சு. மாதாவேன்னு கத்திக்கிட்டு பட்டனக் கழத்துனேன். நண்டு. உள்ள கொத்துக் கொத்தா நண்டு.

— ஐயோ, போதும்! நிறுத்துங்க!

— நீயும் மாமியும் பாத்துரக் கூடாதுன்னுதான் மூடியத் தொறக்கவே விடல. அந்த வாடைக்கு வேற யாரும் கிட்டயும் வரல.

— அந்தப் பைய எடுத்துட்டுப் போயி கடல்லயே கொட்டிட்டு வாங்க.

— கொட்டிருதேன். நீ உக்காரு, தண்ணி குடி.

— இருங்க. அதுக்கு முன்ன, சுட்ட காய ஒரு டப்பாவுல போட்டுத் தாங்க. அந்தச் சாஸையும் ஊத்துங்க. அம்மைக்குக் கொண்டு போணும்.

— மாமிக்கா? அவங்க மீன் இல்லாமச் சோத்தத் தொடமாட்டாங்களே.

— அடக்கம் முடிஞ்சதுலேர்ந்து அவளும் மீனத் தொடலங்க. ஏம்மான்னு கேட்டா வாயத் தொறக்கமாட்டேங்கா. அன்னைக்கு நீங்க கல்லறைத் தோட்டத்துல குழி பாக்கப் போனப்ப, பெட்டிப் பக்கத்துல அவ ஒத்தையிலதான் இருந்தா.