அஞ்சாங் கிளாஸில் அர்த்தம் கிடையாது

சாரல் விழுந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற பஸ். எனக்கு முன்சீட்டில் ஒரே பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் இரண்டு பேர். தலையில் எண்ணெய் வழிந்த பெரியவர் சொன்னார்:

“இங்கிலீஷ் வார்த்தையப் பிரிச்சு வாசிக்க வைக்கதோட அஞ்சாங் கிளாஸ் வாத்தியாரு வேலை முடிஞ்சுது, தம்பி. அர்த்தம் சொல்லுதது ஆறாங் கிளாஸ்காரரான உம்ம பாடு.”

“சரி அண்ணாச்சி.”

“நேத்து நம்ம பள்ளிக்கூடத்து மேனேஜர் ஒரு லெட்டர் குடுத்தாரு. எவ்வளவு பெரிய வார்த்தை பாரும்.”

சட்டைப்பையிலிருந்து எடுத்து, ஒவ்வொரு அசைக்கும் சீட்டுக் கம்பியைத் தட்டி வாசித்தார். “யுவர் சர்-வீ-சஸ் ஆர் டெர்-மி-னே-டெட்.”

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். குரல் அப்படி.

“பிரிச்சது சரிதான?”

“சுத்தமா இருக்கு.”

“பத்தொம்பது வருசத்துல இம்புட்டு நீள வார்த்தை எனக்கு யாரும் எழுதினதில்ல. ஹெட்மாஸ்டராக்கப் போறாவளோ? அர்த்தத்தச் சொல்லும்.”

சின்னவர் கடிதத்தை வாங்கி நாலாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

“நனைஞ்சிரும், எங்கிட்ட இருக்கட்டும். குளிச்சிட்டு வந்து சொல்லுதேன் அண்ணாச்சி. மொதல்ல தலையில தண்ணி விழட்டும்.”