மஞ்சள் திட்டு

"மருந்து இல்லைன்னு சொல்லத்தான் பயோடெக்னாலஜி படிக்கறயா, கண்ணு?"

வளப்பூரிலிருந்து கிளம்பிய பஸ்ஸில், பக்கத்து சீட்டில் ஓர் அப்பாவும் கல்லூரிக்குத் திரும்பும் மகளும். அவள் கையில் மஞ்சள் திட்டு விழுந்த மரவள்ளி இலை.

"இது வைரஸுங்கப்பா. செடியைப் புடுங்கி எரிக்கோணும்."

"அப்புறம் படிச்சு என்ன வேலைக்குப் போவே?"

"லேப்லீங்கப்பா. நோயில்லாத நாத்து உண்டாக்கற வேலை. அது வர்றவரைக்கும் நம்ம மரவள்ளிக் குச்சியை யாருக்கும் நடக் குடுத்துராதீங்க. அவங்க காட்டுப் பயிரும் போயிரும்."

"மெதுவாப் பேசு சாமி. முன்சீட்டுக்காரரு மடியில வெச்சிருக்கறது நம்ம குச்சிதான்."

அடுத்த நிறுத்தத்தில் முன்சீட்டுக்காரர் குச்சிக் கட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "வாரேனுங்க" என்று அப்பாவைப் பார்த்துக் கும்பிட்டார்.

மகள் இலையைக் கைக்குள் கசக்கி மறைத்தாள்.