தூண்டிலோடு லாரி ஏறிய பக்கிரிசாமி

ஜப்பான்காரனுக்குப் பயந்து துரை கப்பலேறி ஓடிய நாள் முதல் ஆபீஸ் கணக்கோடு இந்த ரப்பர்த் தோட்டத்தையும் ஆண்டு, இப்போது இந்த இரங்கல் கூட்டத்துக்கும் தலைமை ஏற்றிருக்கும் பெரிய கிராணி பரஞ்சோதி அவர்களே! பால் நிறுக்கும் கொட்டகையில் ஈரத் தரையில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, அண்ணன்மார்களே! சியாமிலிருந்து உயிரோடு திரும்பிய தம்பி அய்யாவு அவர்களே! டிரஸ்ஸர் அந்தோணிதாஸின் வணக்கம். மூன்றரை வருஷமாக மருந்தில்லாத மருந்துக் கடை நடத்தியவன் நான். என்னிடம் வந்து பிழைத்தவர்கள் எல்லாரும் தங்கள் சொந்த முயற்சியால் பிழைத்தவர்கள்.

தலைவர் அவர்கள் அழகாகப் பேசினார். பக்கிரிசாமியைத் தியாகச் செம்மல் என்றார். ஜப்பான்காரன் போட்ட சியாம் ரயில் பாதை வேலைக்குத் தானாக விரும்பிப் போனார் என்றார். அந்தப் பேச்சின் ஈரம் காய்வதற்குள், தானாகப் போனவர் குடும்பத்துக்கு லயத்தில் இடமில்லை, மருதம்மாள் இந்த மாதமே வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றும் சொன்னார். செம்மலுக்கு மாலை, செம்மலின் மனைவிக்குத் தெரு! என்ன நியாயம் ஐயா இது?

பக்கிரிசாமி யார்? ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். அது வயிற்றுக்கு. மற்றபடி அவர் மூடா ஆற்றின் ஆள். மழை பிடித்து ஆறு ஏறும்போது, சியாக்காப் என்று மலாய்க்காரர் சொல்லும் கொடுவா மீன் கடலிலிருந்து நம் பக்கத்துச் சிடாம் கிரி வரைக்கும் எதிர்நீச்சலில் ஏறி வரும். நாமெல்லாம் கூரை ஒழுகுகிறதே என்று சட்டி வைத்துக்கொண்டிருப்போம். அவர் விற்க முடியாமல் கிடந்த ரப்பர் ஷீட் ஒன்றைத் தலையில் போர்த்திக்கொண்டு, ஓடை வந்து ஆற்றில் விழும் முனையில் நின்றிருப்பார்.

கடையில் தூண்டில் முள் ஏது? குடைக் கம்பியை வளைத்து முள் செய்தார். புழு கட்டமாட்டார், வெள்ளைச் சேவல் இறகுதான் கட்டுவார். பெரிய கிராணி வீட்டு வெள்ளைச் சேவலுக்கு வால் இல்லாமல் போனது கோழிநோயால் என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். அந்த நோயின் பெயர் பக்கிரிசாமி!

நானும் அவர் பக்கத்தில் நின்று தூண்டில் போட்டதுண்டு. நான் பிடித்தவை: ஒரு மரக்கிளை, ஒரு பழைய சப்பாத்து, என் சொந்தச் சட்டைக் காலர். "டிரஸ்ஸரே, நீங்க ஊசியே போடுங்க, தூண்டிலு வேணாம்லா" என்பார்.

நம் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பெரிய கொடுவா விழுந்தால் தலை பெரிய கிராணி வீட்டுக்கு. யார் வகுத்தது? தெரியாது. யார் சாப்பிட்டது? அது எல்லாருக்கும் தெரியும்.

ஜப்பான்காரன் காலத்து அந்த மழையில் ஒரு கொடுவா விழுந்தது. இரண்டு ஆள் தூக்கிய மீன். அதே வாரம்தான் பாப்பம்மாவுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. மரவள்ளிக் கிழங்கைத் தின்று கால் வீங்கிக் கிடந்தாள். மார்பில் பால் இல்லை. அவள் புருஷன் முதல் லாரியிலேயே சியாம் போய்விட்டவன். மருந்தில்லாத டிரஸ்ஸர் என்ன சொல்வான்? மீன் தலை ரசம் வைத்துக் கொடுங்கள் என்றேன். பக்கிரிசாமி தலையை வெட்டி நேராக அவள் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலைப் பெரட்டில், ஆட்களையெல்லாம் நிறுத்திப் பேர் கூப்பிடுகிற நேரத்தில், பெரிய கிராணி கேட்டார்: "என்னடா பக்கிரி, தலை எங்க?"

"பாப்பம்மா வீட்டுக்குப் போயிருச்சுங்க ஐயா. வாலு இருக்கு, எடுத்துக்கிறீங்களா?"

பெரட்டே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காதவர் ஒருவர்தான்.

சியாமுக்கு ஆள் பிடிக்க அடுத்த லாரி வந்தது. சொல்லட்டுமா தலைவரே? நான் அங்கேதான் நின்றேன், தங்கள் மூலத்துக்குப் போடும் எண்ணெய்ப் புட்டியோடு. என்னை லாரியில் ஏற்றாமல் விட்டதே அந்தப் புட்டிதானே! தாங்கள் சொன்னது இதோ என் காதில் இருக்கிறது: "பக்கிரி, சியாம்ல பெரிய ஆறு ஓடுதுடா. வேலைக்குப் போனவனுங்களுக்கு மீன் புடிச்சுக் குடுக்க ஆள் கேக்குறான். தூண்டில எடுத்துக்கிட்டு ஏறு. மழை விட்டதும் வந்துடலாம்லா."

பயந்தவன் காட்டுக்குள் ஓடினான். புத்திசாலி காய்ச்சல் என்று என்னிடம் வந்து படுத்தான். பக்கிரிசாமியோ ஆறு என்ற சொல்லைக் கேட்டார், நம்பிவிட்டார். மூங்கில் கம்பு, குடைக் கம்பி முள், சேவல் இறகு, எல்லாம் எடுத்துக்கொண்டு லாரியில் ஏறினார். ஏறி நின்று என்னிடம் கேட்டார்: "டிரஸ்ஸரே, அந்த ஆத்துத் தண்ணி எப்படி? கலங்கலா, தெளிவா?"

இதற்குப் பெயர் விரும்பிப் போனதா?

மிச்சத்தை அய்யாவு என்னிடம் சொன்னார். கூட்டத்தில் சொல்ல அவரால் முடியவில்லை. "எறங்குன அன்னைக்கே சோல்ஜர் கம்பைப் புடுங்குனான் டிரஸ்ஸரே. அந்தக் கம்பாலயே, அது ஒடையிற வரைக்கும் அடிச்சான். ஆறு பக்கத்துலயேதான் ஓடுச்சு. அண்ணன் ஒரு நாளும் நூல நனைக்கல. பேதி வந்து சாகுறப்போ ஆத்தப் பாத்துக்கிட்டே கெடந்தாரு. 'கலங்கல்தான்டா, ஆனா இதுல கொடுவா ஏறும்'னாரு."

புதுத் துரை வரப்போகிறாராம். அவர் கண்ணில் படத்தான் இந்த மாலை, இந்தச் செம்மல் பட்டம். அவர் கேட்டால் தாங்கள் சொன்னதைத் தாங்கள் சொல்லுங்கள். நான் கேட்டதை நான் சொல்வேன். அதற்குப் பிறகு எனக்கு வேலை இருக்குமா? இல்லாவிட்டால் என்ன, மருந்தைத் தவிர நான் இங்கே கொடுத்தது ஒன்றுமில்லை, மருந்தும் கொடுத்ததில்லை.

தாய்மார்களே, அண்ணன்மார்களே! அவர் விட்ட பணியைத் தொடர்வோம் என்று இந்த இடத்தில் சொல்வது வழக்கம். தூண்டில் வேலை எனக்கு வராது. ஆனால் நிற்கும் வேலை வரும். மருதம்மாள் வீட்டுச் சட்டிபானையை வெளியே வைக்க எவன் வந்தாலும், நாம் ரப்பர் ஷீட்டைப் போர்த்திக்கொண்டு அந்த வாசலில் நிற்போம்! பக்கிரிசாமி ஆற்றங்கரையில் நின்ற மாதிரி நிற்போம்! நிற்பவர்கள் கை தூக்குங்கள்!

பாப்பம்மா, நீ முதலில் தூக்கினாய். இடுப்பில் இருக்கும் அந்தப் பயலும் தூக்குகிறான்.

தலைவர் அவர்களே, நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மழை பிடித்துவிட்டது, ஆறு ஏறுகிறது. இந்த வருஷம் விழும் முதல் கொடுவாவின் தலை மருதம்மாள் வீட்டுக்கு.

வால் இருக்கிறது ஐயா. எடுத்துக்கொள்கிறீர்களா?