மஞ்சள் போர்டு வேண்டாம்

"ஹலோ... ஆமா, நான்தான், சொல்லு... ஒண்ணும் கேக்கல, காத்துதான் கேக்குது... கொஞ்சம் கடலுக்கு முதுகு காட்டி நில்லுடி... ஆங், இப்ப கேக்குது. என்னது? ஃபைனலா?"

அக்கா கண்ணாடி வெட்டும் கத்தியை மேசைமேல் வைத்தாள். படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கும் கடை அவளுடையது. நாலு தெரு தள்ளிக் கடல். அங்கே இன்று நீளப் பலகையில் நின்று அலைமேல் சறுக்குகிறவர்களின் சர்ஃபிங் போட்டி. பேசுவது தங்கை. தலைக்கு மேல் வேலை இருக்கிறது, வர முடியாது என்று காலையிலேயே அவளிடம் சொல்லியாயிற்று. உண்மையில் ஒரே ஒரு கல்யாணப் படம்தான் பாக்கி. அதற்கு உரிய பெரியவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"சந்தோஷம்டி. ரொம்ப சந்தோஷம்... குரலுக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு. மரத்தூள் தொண்டையில போயிருச்சு... சரி, சரி... முனை வரைக்கும் நடந்தியா?... பத்து விரலும் வெளியிலயா?... ம்... ம்... கை தட்டினாங்களாக்கும். தட்டுவாங்க. கரையில நிக்கறவங்களுக்கு வேற என்ன வேலை?"

சின்னப் பலகைக்காரர்களைப் போலத் துள்ளிக் குதித்துச் சுழல்கிற விளையாட்டு அல்ல இது. ஆள் உயரத்தைவிட நீளமான, கனமான பலகை. அலை தூக்கியதும் எழுந்து, ஒரு காலுக்கு முன்னால் இன்னொரு காலை வைத்து, அவசரமே இல்லாமல் முன்முனைக்கு நடந்துபோய், கால்விரல் பத்தையும் பலகைக்கு வெளியே நீட்டி, வீட்டு வாசலில் நிற்பதுபோல நிற்க வேண்டும். அந்த நடை அந்தக் குடும்பத்துக்குள் முதலில் வந்தது அக்காவின் காலில்தான். நிச்சயம் நின்றுபோய்த் தங்கை அறையை விட்டு வெளியே வராமல் கிடந்தபோது, கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தண்ணீரில் தள்ளியவளும் அவள்தான். வந்தவள் தேறினால் போதும் என்றுதான் நினைத்தாள். இத்தனை நன்றாக நடப்பாள் என்று யார் கண்டது? முன்பெல்லாம் "இவங்க தங்கச்சி" என்று தங்கையைக் காட்டினார்கள். இப்போது கடைக்கு வருகிறவர்கள்கூட, "நீங்க அவங்க அக்காவா?" என்று கேட்கிறார்கள்.

இந்த வருஷம் ஊர் சர்ஃபிங் சங்கத்தின் சார்பில் இறங்க இரண்டு பெண்கள் வேண்டும் என்றபோது, எல்லோரும் கேப்டன் என்று கூப்பிடும் சங்கத் தலைவர், தங்கையையும் கூட அலையேறுகிற பல் டாக்டரம்மாவையும் சொன்னார். அக்காவைப் பார்த்து, "உங்களுக்கு அனுபவம் இருக்கு, நடுவரா உக்காருங்க" என்றார். அவள் மறுத்துவிட்டாள். அன்றிலிருந்து தண்ணீரில் கால் நனைக்கவில்லை.

"என்னது?... உன் போர்டு உடைஞ்சுதா? எப்படி?... அலை கரையில போட்டு அறைஞ்சிருச்சா?... அடியில இருக்கற துடுப்பே பேந்து வந்துருச்சா! ஐயையோ... தண்ணி உள்ள போகுதா? அப்ப அதுல ஏற முடியாதுடி... சரி, என்ன பண்ணப் போற?... என் போர்டா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கடையின் பின்சுவரில், வெற்றுச் சட்டங்களுக்கு மேலே, இரண்டு மரத் தாங்கிகளில் அவளுடைய பலகை படுத்திருந்தது. கால் வழுக்காமலிருக்கப் பூசும் மெழுகை நேற்றுதான் சுரண்டிப் புதிதாகத் தேய்த்திருந்தாள். எதற்கு என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

"அது... அதுல விரிசல்டி... ஆமா, பெரிய விரிசல். நடுவுல... எப்பவா? போன வாரம். இறக்கும்போது கை நழுவிருச்சு... சொல்லணும்னு இருந்தேன், மறந்துட்டேன்... ஆமாமா, ஏறினா ரெண்டா போயிரும்."

பெரியவர் செய்தித்தாளைத் தாழ்த்திவிட்டுச் சுவரைப் பார்த்தார். எங்கேயம்மா விரிசல் என்பதுபோல அவளைப் பார்த்தார். அவள் உதட்டில் விரல் வைத்துக் கண்ணை உருட்டினாள். அவர் மறுபடி செய்திக்குள் போய்விட்டார்.

"இல்ல, இங்க ஒரு சார் இருக்காரு, அவர்கிட்ட... நீ சொல்லு... பாவம்தான், என்ன செய்யறது? வேற யார்கிட்டயாவது கேளேன்... தர்றாங்களா? பரவாயில்லையே. யாரு?... யாரு?"

தோளுக்கும் காதுக்கும் நடுவில் இருந்த போனை அவள் கையில் எடுத்தாள்.

"பல் டாக்டரா?... அவ தோத்துட்டாளா? எப்ப?... அதனால போர்டு சும்மா இருக்கா... அந்த மஞ்சள் போர்டுலயா நீ ஏறப்போற?... இல்ல, நான் ஒண்ணும் கத்தல... குட்டி, போன தடவ என் அலையில குறுக்க வந்து விழுந்து என்னை உருட்டிவிட்டவ அவ. எல்லாரும் சேர்ந்து ஒரே அலையில போற கூட்டம் நம்மளது, அதுல போய்க் குறுக்க விழுந்தா... மன்னிப்பு கேட்டாளாமா? ஆமா, கேட்டா. பல்லைக் காட்டிட்டே கேட்டா... நல்லவங்களா? உனக்கு எல்லாரும் நல்லவங்கதான்... அவளே மெழுகு தேய்ச்சுக் குடுக்கறாளா?"

தங்கை ஜெயிப்பாள். மஞ்சள் பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவளும் பல் டாக்டரம்மாவும் தோளோடு தோள் நிற்பார்கள். அந்தப் படத்தைச் சங்கத்து அறையில் மாட்ட வேண்டுமென்று சட்டம் போட இந்தக் கடைக்கேதான் கொண்டுவருவார்கள்.

"இரு. அவ போர்டத் தொடாத... காரணமெல்லாம் கேக்காத... சரி, சொல்றேன். என் போர்டுல விரிசல் இல்ல... ஆமா. பொய்தான் சொன்னேன்... ஹலோ?... குட்டி?... இருக்கியா?"

அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

"எரிச்சல்டி. வேற என்ன? நான் கூட்டிட்டு வந்தவ நீ. என்னை நாற்காலியில உக்காரச் சொல்லிட்டு உன்னைத் தண்ணியில இறக்கறாங்க. நீ நடக்கறதப் பாத்தா எனக்கு அழகா இருக்கு, அதான் தாங்கல... திட்டு, பரவாயில்ல... திட்டலையா? அப்புறம்?... என்னது?... உனக்கும் எரிச்சலா? என்னைப் பாத்தா?"

அவள் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"விளையாடாத... நான் தண்ணிக்குள்ள வந்தா?... ஆமா, கூப்பிடுவாங்க. 'வாங்க, சேர்ந்து போலாம்'னு கூப்பிடுவாங்க, அதுக்கென்ன?... உன்னைக் கூப்பிடறதில்லையா? ஒருத்தர்கூடவா?... விலகி நின்னு பாக்கறாங்களா... இத்தனை நாளா நீ தனியாத்தான் போறியா?... நான் கவனிக்கலடி. நான் உன் காலையே பாத்துட்டு இருந்துட்டேன்... ம்... அதுக்காக வீட்டுல போய் அழுதியா? என்னை நெனைச்சா?... சொல்லக் கூடாதுதான், ஆனா கேக்க நல்லா இருக்குடி."

மறுமுனையில் என்ன வசவு விழுந்ததோ, அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். எழுந்து முக்காலிமேல் ஏறினாள்.

"சரி, சரி... எவ்வளவு நேரம் இருக்கு?... கேப்டன்கிட்ட சொல்லு, அக்கா வர்றா, அதுவரைக்கும் ஃபைனலுக்கு விசில் ஊத வேண்டாம்னு... சார், கொஞ்சம் வாங்களேன்... உன்னை இல்லடி... சார், அந்த முனையப் புடிங்க. மெதுவா, கனமா இருக்கும்... ஆமா சார், விரிசல் இல்ல சார், எனக்குத் தெரியும் சார்... குட்டி, கேளு. இது உன் போர்டு மாதிரி இல்ல, சட்டுனு திரும்பாது. அலை தூக்கினதும் ஓடாத. அது வேகம் எடுக்கற வரைக்கும் பின்னாலயே நில்லு, அப்புறம் நட... ஆமா... ஆமா... விழற மாதிரி இருந்தா விழு, ஆனா போர்டைக் கை விட்றாத."

பெரியவர் ஒரு முனையும் அவள் ஒரு முனையுமாகப் பலகை வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. இரண்டு சைக்கிள்கள் நின்று வழிவிட்டன. சட்டங்களை ஏற்றிப்போகும் வண்டியின் கூரைமேல் அதைக் கிடத்தி, அவள் கயிற்றை இழுத்துக் கட்டினாள். பெரியவர் தன் கல்யாணப் படத்தை மறந்துவிட்டு, கேட்காமலேயே முன் இருக்கையில் ஏறிக்கொண்டார்.

"இல்ல, கடைய சாத்திட்டேன்... நின்னு பாக்கறதா? பாக்கறேன். ஆனா கை தட்ட மாட்டேன், சொல்லிட்டேன்... விசிலா? அதுவும் கிடையாது... முடிஞ்சதும் ரெண்டு பேரும் ஒரே அலையிலயா? அதப் பாக்கலாம். நீ கூப்பிட்டா வர்றேன்... யாரு கூப்பிடறது உன்னை, மைக்குலயா? சரி, போ... இன்னும் என்ன?... பயமா இருக்கா?"

அவள் வண்டியைக் கிளப்பினாள்.

"எனக்கும்தான்டி. நீ ஜெயிச்சிருவியோன்னு."

பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்துவிட்டாள்.