கல்லாவில் ஒரு பொம்மை

அதெல்லாம் விடுங்க சகலை, உங்களுக்குக் கடை போடத் தெரியுமா தெரியாதான்னு நான் கேக்கவே இல்ல. உங்க பொண்டாட்டியும் என் பொண்டாட்டியும் ஒரே வயித்துல பொறந்த பாவத்துக்கு நீங்க கேக்கறீங்க, நான் சொல்றேன். அவ்வளவுதான். எட்டு மணி ஆகட்டும், உள்ள போயி உக்காரலாம். இப்படி கண்ணாடி ஓரமா நில்லுங்க, காத்து அடிக்காது.

மேல போர்டப் பாத்தீங்களா? மூணு தலைமுறையா கோட்டு தைக்கிற குடும்பம்னு தங்க எழுத்துல போட்டிருக்கு. எந்தக் குடும்பம்? யாரோட தலைமுறை? நான் எழுதிக் குடுத்தது அது. இந்த ஊர்க்காரனுங்களுக்கு அதான் வேணும். பொழைக்க வந்த புதுசுல அந்தப் பின்சந்துல ஒரு ரூம் எடுத்து, ஆறு மாசம் என் மூஞ்சிய வச்சுக்கிட்டே கல்லாவுல உக்காந்தேன். வருவான். என்ன ஏற இறங்கப் பாப்பான். முதலாளி இல்லையாம்பான். நான்தாங்க முதலாளின்னா ஒரு சிரிப்பு சிரிப்பான் பாருங்க, அப்புறம் துணிய அக்குள்ல இடுக்கிக்கிட்டுப் போயிடுவான். பட்டன் தைக்கக் குடுப்பான், பேன்ட்டுக் கால் மடிக்கக் குடுப்பான். கோட்டுத் துணி குடுக்க மாட்டான்.

அப்பத்தான் பொம்மையப் புடிச்சேன். ஆமா, அவருக்கு நான் வச்ச பேரு அது. கண்ணாடிக்குள்ள ஒரு பொம்மை, கல்லாவுல ஒரு பொம்மை. ஏதோ ஹோட்டல் வாசல்ல வர்றவன் போறவனுக்கெல்லாம் கதவு திறந்து விட்டுக்கிட்டு இருந்த ஆளு. இந்த ஊர்க்காரரு. ஆறடி உயரம், வெள்ள மீசை. ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டு நின்னாருன்னா இந்தத் தெருவே அவங்கப்பன் வீட்டுச் சொத்து மாதிரி இருக்கும். கழுத்துல ஒரு டேப்ப மாட்டி விட்டேன், முடிஞ்சுது வேலை.

அந்த டேப்ப எந்தப் பக்கம் புடிக்கணும்னு கடைசி வரைக்கும் தெரியாது மனுஷனுக்கு. இடுப்ப அளக்கச் சொன்னா நெஞ்ச அளப்பாரு. வாய்க்கு வந்த நம்பர சத்தமாச் சொல்லுவாரு. நான் திரைக்குப் பின்னால நின்னு, கண்ணாலயே அளவெடுத்து எழுதிக்குவேன். போட்டுப் பாக்க வந்தவன் கண்ணாடி முன்னால திரும்பித் திரும்பி நின்னு தோள்பட்டையத் தடவுவான். ஐயா, உங்க கைக்குத் தங்கக் காப்புதான் போடணும்பான். பொம்மை மெதுவாத் தலைய ஆட்டிக்கும். உள்ள நான் இஸ்திரிப் பெட்டியும் கையுமா நின்னு சிரிப்பேன். படிச்சவனுங்க சகலை! டாக்டரு, வாத்தியாரு, ஜட்ஜு. இந்தாளு விரல்ல ஊசி குத்தின தழும்பு ஒண்ணுகூட இல்லையேன்னு ஒருத்தனுக்காவது பாக்கத் தோணிச்சா?

சிரிக்காதீங்க, உங்களுக்கும் வர்றேன். டெய்லர் வீட்ல பொண்ணு குடுத்துட்டாங்களேன்னு என் கல்யாணத்துல மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டவரு நீங்க. இப்ப நீங்களும் ஒரு பொம்மையப் புடிச்சிட்டீங்க, சாயங்காலம் கையெழுத்துன்னு பத்திரத்த ஆட்டிக்கிட்டு வந்து நிக்கிறீங்க. எங்க, காட்டுங்க. வாடகை ஒப்பந்தம் அவன் பேர்ல. லைசென்ஸ் அவன் பேர்ல. பாங்கும் அவன் பேர்ல. ம். என்னப் பாத்து அப்படியே காப்பி அடிச்சிருக்கீங்க, சொந்தமா ஒரு தப்புகூடப் பண்ணத் தெரியல.

நானும் இதான் செஞ்சேன். மெயின் ரோட்டுக் கடைய நம்ம மூஞ்சிக்கு எவன் விடுவான்? அவர் பேர்ல எடுத்தேன். அது ஒண்ணு போனதும் மத்ததெல்லாம் பின்னாலயே போச்சு. கடைசில அரசாங்கத்துக்குக் காட்டணுமேன்னு, என்னையே அவர்கிட்டத் தையக்காரனா வேலைக்குச் சேத்துக்கிட்டேன். நானே என்ன வேலைக்கு எடுத்தேன், பாத்துக்குங்க! ஊரையே முட்டாளாக்கிட்டோம்னு ஒரு வாரம் எனக்குக் கால் தரையில பாவல.

போன மாசம் பொம்மை போயிடுச்சு. படுத்தவரு எழுந்திருக்கல. நீங்கதான் எட்டிக்கூடப் பாக்கலையே. சவப்பெட்டிக்குள்ள அவருக்குப் போட்டிருந்த கோட்டு நான் தைச்சது. பாவம், தன் கையாலயே தைச்சு வச்சிருந்தாரு போலன்னு பேசிக்கிட்டானுங்க. அப்புறம் ஒவ்வொருத்தனா வந்து என் முதுகுல தட்டுறான். நல்ல முதலாளி போயிட்டாரே, இனிமே நீ வேலைக்கு எங்கப்பா போவேங்கறான். எனக்கு அழுகை வந்துடுச்சு சகலை. அவருக்காக இல்ல. சரி, கொஞ்சம் அவருக்காகவும்தான். இருவத்திரண்டு வருஷம் மத்தியானத்துல ஒரே டப்பாவுல சாப்பிட்டிருக்கோம்.

முந்தாநாள் அவர் சம்சாரம் வந்தாங்க. அந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. மனுஷன் வீட்லயும் தான்தான் முதலாளின்னு சொல்லி வச்சிருக்காரு, கட்டின பொண்டாட்டிகிட்டகூட வேஷத்தக் கலைக்கல. இதுலதான அவர் தைப்பாருன்னு கேட்டு, என் மெஷினத் தடவித் தடவி அழுதாங்க. என் மெஷின! அப்புறம் என் கையப் புடிச்சுக்கிட்டு, பயப்படாதீங்க, என் வீட்டுக்காரர் வளத்த ஆள நான் வெளிய அனுப்ப மாட்டேன், நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்கன்னாங்க.

கேஸா? என்னன்னு போடறது? இருவத்திரண்டு வருஷமா என் கையால அரசாங்கத்துக்குப் பொய் எழுதிக் குடுத்தேன்னா? முதல்ல என்னத்தான் உள்ள வைப்பான்.

நான் என்ன சொன்னேனா? சரிங்கம்மான்னேன். வேற என்னத்தச் சொல்ல. உங்களுக்கு ஏதாவது வேணுமான்னு கேட்டாங்க. ஞாயித்துக்கிழமை லீவு வேணும்னு கேட்டேன். முதலாளியா இருந்த வரைக்கும் ஒரு ஞாயித்துக்கிழமைகூட நான் வீட்ல இருந்ததில்ல. அந்தம்மா யோசிக்கவே இல்ல, உடனே சரின்னுட்டாங்க.

பத்திரத்த மடிச்சு உள்ள வைங்க சகலை. கொஞ்சம் நகந்து வழி விட்டு நில்லுங்க, அதோ வர்றாங்க. சாவி அவங்ககிட்டதான் இருக்கு.