ஏழு கடிதங்கள், ஒரே கையெழுத்து

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவமனை இயக்குநர் அவர்களே, விசாரணைக் குழுத் தலைவி அவர்களே, தலைமை மருத்துவர் அவர்களே, இடம் போதாமல் சுவரோரம் நிற்கும் என் செவிலியத் தோழிகளே, வணக்கம்.

நம் பெரிய சிஸ்டர் போய்விட்டார். முப்பத்தொரு ஆண்டுகள் இங்கே உழைத்தவர். எனக்கு முன் பேசியவர்கள் அவரை வாய் நிறையப் புகழ்ந்தார்கள். "அவங்க எனக்குக் கூடப் பிறந்த அக்கா மாதிரி" என்றார் தலைமை மருத்துவர். இதில் ஒரு வரியையாவது அவர் காதில் விழும்படி சொல்லியிருக்கக் கூடாதா?

மருந்து அறையில் இதே தலைமை மருத்துவரின் கை எங்கெல்லாம் நீண்டது என்று ஏழு செவிலியர்கள் பெயர் போடாமல் புகார் எழுதினோம். கொடுக்கத்தான் பயம். நோயாளிக் குறிப்பேட்டில் தினமும் எழுதுகிறவர்கள் நாங்கள். யார் எழுத்து என்று பார்த்தவுடன் அவருக்குத் தெரிந்துவிடும். "குடுங்கடி, நான் பாத்து எழுதுறேன். மாட்டினா என் எழுத்துதானே மாட்டும்" என்றார் பெரிய சிஸ்டர். ஏழு கடிதங்களையும் தன் கையால் எழுதி விசாரணைக் குழுவிடம் கொடுத்துவிட்டு, எங்கள் தாள்களை எங்கள் கண்ணெதிரிலேயே கிழித்துப் போட்டார்.

விசாரணையில் என்ன நடந்தது? "ஏழும் ஒரே கையெழுத்து. எல்லாம் இவங்களே கட்டின கதை" என்றார் குழுத் தலைவி. எழுதச் சொன்னவர்களின் பெயரைக் கேட்டார்கள். அவர் சொல்லவில்லை. நாங்கள் ஏழு பேரும் வராந்தாவில்தான் நின்றிருந்தோம். கதவு திறந்துதான் இருந்தது. ஒருத்தியாவது உள்ளே போனோமா? ஒருத்தியாவது?

அவரை வார்டிலிருந்து தூக்கித் துணிக் கிடங்கில் போட்டார்கள். இரண்டு ஆண்டுகள் படுக்கை விரிப்பு மடித்தார். போன வியாழக்கிழமை அங்கேயே மாரடைப்பு வந்து சரிந்தார்.

ஒருநாள் கிடங்குக்குப் போய் அவரிடம் கேட்டேன்.

"எங்க மேல கோபம் இல்லையா சிஸ்டர்?"

"இல்லாம இருக்குமா? உன்னப் பாத்தாலே பத்திக்கிட்டு வருது. அதுக்காக உன் வேலைக்கு வேட்டு வைப்பேனா? போ, போய் டியூட்டியப் பாரு."

மேடையில் இருப்பவர்களிடம் அவர் நியாயத்தை எதிர்பார்த்தார், கிடைக்கவில்லை. எங்களிடம் எதிர்பார்த்தது பத்தடி தூரம் நடந்து வருவதை மட்டும். அதையும் நாங்கள் செய்யவில்லை. துரோகம் என்ற சொல்லை வேறு யாருக்காக வைத்திருக்கிறோம்?

அவர் போன பிறகு எனக்கு வந்திருக்கும் இந்தத் துணிச்சலை யாரும் பாராட்ட வேண்டாம். வர வேண்டிய நேரத்தில் அது வரவில்லை. ஆனாலும் அவர் விட்ட வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். இனி இங்கே எந்தப் பெண் புகார் கொடுக்கப் போனாலும் அவள் பக்கத்தில் நான் உட்காருவேன்.

அந்த ஏழில் மூன்றாவது கடிதம் என்னுடையது. இன்று காலை அதை என் கையெழுத்தில், என் பெயரோடு மறுபடியும் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். குழுத் தலைவி அவர்களே, பெற்றுக்கொண்டேன் என்று இந்த நகலில் ஒரு கையொப்பம் போடுங்கள். நீங்கள் போடும்வரை நான் இந்த ஒலிவாங்கியை விட்டு நகரப் போவதில்லை.